பொட்டு வைத்த சக்கரங்கள்

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இன்று காலை தம் காரின் சக்கரங்களைக் கழற்றிப் போட்டு வெள்ளிச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை என் சமையலறைக்குள் வந்தது. வேறொரு நாளாக இருந்தால் சன்னலை அறைந்து சாத்தியிருப்பேன். எனக்கு மூக்கும் கோபமும் கொஞ்சம் கூடுதல் என்பது உனக்குத் தெரியும். இன்று என்னவோ அடுப்பை அணைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுவிட்டேன்.

வாடை தொந்தரவாக இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? சாயம் பீய்ச்சும் டின்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன், ஒரே இடத்தில் நிற்காமல் கையை நகர்த்திக்கொண்டே அழுத்தச் சொன்னேன். கிழவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் தள்ளிப் பிடித்தார். டயரில் சாயம் படாமலிருக்கக் கடையில் விற்கும் ஒட்டுத்தாளைச் சுற்றியிருந்தார். நாம் அதற்கு எதைச் செருகினோம் என்று சொன்னால் அவர் நம்பப்போவதில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. நீயும் போய்விட்டாய்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் சொல்லவேண்டிய ஒரு சேதியும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மற்றதைக் காதில் வாங்காமல் அதையே தோண்டித் துருவுவாய்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் நாம் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை குறைந்துபோய், ஆட்களைக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், என்னை விட்டுவைத்தார்கள். நீ என்னைவிட வேகமாக வேலை செய்கிறவள். எதைப் பார்த்து ஆள் பொறுக்கினார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உன் அலமாரியைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தபோது உன் கையில் ஒரு பெட்டி முகமூடி இருந்தது. மேற்பார்வை அக்கா மனம் கேட்காமல் கொடுத்தது.

"இத்தன வருஷம் மூக்க மூடிக்கிட்டு வேல செஞ்சதுக்கு இதாவது கெடச்சுச்சேலா" என்றாய்.

நான் அழுதேன். நீ அழவில்லை. பஸ்ஸில் நம் புந்தோங் வரைக்கும் நீதான் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தாய், வேலை போனது எனக்கு என்பதுபோல.

அந்த வருஷம் உனக்கு அடிமேல் அடி. சில மாதங்களுக்கு முன்னால்தான் உன் கல்யாணம் நின்றிருந்தது. மாப்பிள்ளை தாப்பா ஊர்க்காரர். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் முடித்த பிறகு அவர்களுக்கு மனம் மாறிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினோம் என்று ஒரு சாக்கு. உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் போய்ச் சண்டையாவது போட்டிருப்பார். உன் அம்மா வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி உன்னை வளர்த்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதுகூட இப்படி வாயடைத்துப் போனதில்லை என்று நீ சொன்னாய்.

மிச்சமிருந்த பத்திரிகைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலே பிள்ளையார் படம், நான்கு மூலையிலும் அவரே தடவிய மஞ்சள். குப்பையில் போடமுடியாது, கொளுத்தமுடியாது, கால்படும் இடத்தில் வைக்கவும் முடியாது. ஆற்றில் விடலாம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். அதற்கும் அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பால்டின் அட்டைப்பெட்டியில் அடுக்கித் தம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அறையைக் கூட்டும்போது அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் துடைப்பம் போகும்.

உன்னோடு பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. "சாப்பிடு." "வெளக்க அணச்சிடு." அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் கோபம் உன்மேல் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரே கூரையின்கீழ் பேசாத அம்மாவோடு இருப்பது எப்படியிருக்கும்? நீ என் வீட்டுக்கு வந்து என் அம்மாவோடு மணிக்கணக்கில் வம்பளந்துவிட்டுப் போவாய். எனக்கு அப்போது அது ஏன் என்று உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வேன் வந்தது. ஆலைச் சம்பளம் வந்த காலத்திலேயே நீ லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாய். புந்தோங்கிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக ஆள் தேவைப்படுகிறது என்று கேள்விப்பட்டு, ஆலை கொடுத்ததையும் சேமிப்பையும் போட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கிவிட்டாய். மலைமேலிருந்து காய்கறி இறக்கிக்கொண்டிருந்த ஒரு சீன முதலாளியின் வண்டி. கதவைத் திறந்தால் முட்டைக்கோஸ் வாசம் ஆளைத் தள்ளும். அந்தத் தவுக்கே எந்த ஊர் என்று கேட்டேன்.

"தாப்பாலா" என்று சொல்லிவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரித்தாய். "அங்கேர்ந்து மாப்பிள்ள வரல. வேன் வந்துருச்சு பாத்தியா!"

உள்ளே உன் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டோம். அவர் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏ புள்ள, நீயாவது ஒன் கூட்டாளிகிட்ட சொல்லக்கூடாதா? ஊர் பூரா பாக்க வேன் ஓட்டுனா நாளைக்கு எவன் வந்து கேப்பான்?"

நான் அதை உன்னிடம் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாய். அம்மா அப்படித்தான் நினைப்பார் என்று உனக்குத் தெரியாமலில்லை. இந்த வண்டியை நீ ஓட்ட ஆரம்பித்தால் இன்னொரு வரன் வராது என்று அவர் நம்பினார். ஓட்டாவிட்டால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது என்று உனக்குத் தெரியும். ஆனால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற வீட்டிலிருந்து காலையில் வண்டியை வெளியே எடுக்க உனக்கு மனமில்லை. "அவுங்க ஒரு வார்த்த சொல்லணும்லா" என்று மட்டும் சொன்னாய். அதை நீயாகப் போய்க் கேட்கமாட்டாய். உன் வீம்பு எனக்குத் தெரியாதா?

முதலில் நாம் போய்ப் பார்த்தது அந்த யாழ்ப்பாணத்து டீச்சரை. இரண்டு பெண்பிள்ளைகள் அவருக்கு. பெண் ஓட்டுகிற வேனாக இருந்தால் நல்லது என்று யாரிடமோ சொல்லியிருந்தார். அவர் தெருவில் எல்லாரும் அவர் வாயைப் பார்ப்பவர்கள். அவர் சேர்த்தால் மற்றவர்களும் சேர்ப்பார்கள். கூடத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, பரீட்சைத்தாள் திருத்துவதுபோல உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டில அம்மாவுக்கு இது விருப்பமோ?"

நீ பொய் சொல்லியிருக்கலாம். உனக்கு வரவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேனைக் கொண்டந்து காட்டுங்கோ" என்றார் டீச்சர். "அம்மாவையும் கேட்டுக்கொண்டு வாங்கோ. வீட்டில மனவருத்தத்தோட வெளிக்கிடுற வண்டியில பிள்ளையள ஏத்த எனக்குப் பயம்."

திரும்பி வந்து வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய். கடைசியில், "அம்மாவ ஒண்ணும் செய்யமுடியாது. வண்டியயாவது சரிபண்ணலாம்" என்றாய். உடம்பைக் கழுவி மெருகு தேய்த்ததில் வேன் ஓரளவு பார்க்கும்படி ஆகிவிட்டது. சக்கரங்கள்தான் மானத்தை வாங்கின. கோஸ் வடித்த தண்ணீரும் மலைச்சேறும் ஊறி, ரிம் முழுக்கத் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்து நின்றது. புது ரிம் வாங்க வழியில்லை. பட்டறையில் கொடுத்து அடிக்கவும் வழியில்லை. நாமே அடிப்பது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை முழுக்கச் சுரண்டியது நினைவிருக்கிறதா? எதிர்வீட்டில் ஜாக்கி இரவல் வாங்கி, வேனை மரக்கட்டைகள்மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி முற்றத்தில் வரிசையாகப் போட்டோம். பாத்திரம் கழுவும் சோப்பு, கம்பி பிரஷ், பழைய கத்தி, அப்புறம் மணல்தாள். துரு பறந்து நம் முகமெல்லாம் செம்மண் பூசியதுபோல் ஆனது. ஆலை முகமூடிகள் அன்றுதான் உருப்படியாக உதவின. உன் அம்மா துணி காயப்போட வந்தவர் நம்மைப் பார்த்துவிட்டுக் காற்றோடு பேசுவதுபோல், "ரெண்டையும் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே பைத்தியங்களை வைத்துப் பார்ப்பார்கள் என்பதால் அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லாரும் சொல்கிற வசவு அது. உனக்கு அதில் என்ன சந்தோஷமோ! "என்னப் பத்தித்தான பேசுறாங்க, அது போதும்லா" என்றாய்.

சாயத்தை உதிரிச்சாமான் விற்கும் சீனரிடம் வாங்கினோம். இருப்பதிலேயே மலிவான டின்களாகப் பார்த்து எடுத்தாய். அடியில் பூசச் சாம்பல் நிறம், மேலே வெள்ளி. டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வைத்தால் கடைசிச் சொட்டுவரை வரும் என்று அவர் மலாயில் சொன்னார். டயரைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டவேண்டுமே, அதற்கு நம்மிடம் ஏது என்று கேட்டதற்கு, சூதாடுகிற சீட்டுக்கட்டு இருந்தால் போதும், ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ஒவ்வொரு சீட்டாகச் செருகிக்கொண்டே போ என்றார். நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு எங்கே இருக்கும்? உன் அப்பா சீட்டாடுவார் என்று அந்தக் காலத்திலேயே உன் அம்மா கட்டுக்கட்டாக அடுப்பில் போட்டவர். முதலில் செய்தித்தாளை மடித்துச் செருகிப் பார்த்தோம். உபரிச் சக்கரத்தில்தான் சோதனை. தாள் நனைந்து தொய்ந்து, டயர் பாதி வெள்ளியாகிப் போனது. போதாததற்கு நான் கிட்டே பிடித்து அழுத்திவிட்டேன். சாயம் வழிந்து மெழுகுவத்திபோல் தொங்கியது. அந்தச் சக்கரத்தை வேன் உள்ள காலம்வரை இருக்கைக்கடியில் ஒளித்தே வைத்திருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா கோயிலுக்குப் போனார். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் முடிக்கவேண்டும். சக்கரங்களுக்குச் சாம்பல் பூச்சு பூசிவைத்திருந்தோம். நீ உள்ளே போனாய். திரும்பி வரும்போது அந்தப் பால்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"அலாமாக்! டீ, வேணாம்" என்றேன். "அம்மா பாத்தா செத்துருவாங்க."

"அட்ட நல்ல தடிப்புலா. ஈப்போவிலேயே நல்ல அச்சகத்துல அடிச்சது" என்றாய், வியாபாரிபோல ஒன்றை விரலால் சுண்டிக்காட்டி.

பெட்டியைப் பிடுங்கப் பார்த்தேன். நீயோ சக்கரத்தின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தாய். பிள்ளையார் இருக்கும் மேல்பாதியை ரிம்மைவிட்டுத் தள்ளி வெளிப்பக்கமாக வைத்தாய், அவர்மேல் சாயம் படக்கூடாதாம். பத்திரிகையின் கீழ்ப்பாதி ரிம்மை ஒட்டி வந்தது. அங்கேதான் மாப்பிள்ளை பெயரும் உன் பெயரும். சக்கரத்தைச் சுற்றி உன் கல்யாணம் ஒரு பூ மாதிரி விரிந்து நின்றது. நான் பார்க்கமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு பேரு மேல நல்லா அடி" என்று சொல்லி டின்னை என் கையில் கொடுத்தாய். முகமூடிக்குள் நீ சிரித்தாயா அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை. முகமூடி நனைந்திருந்தது. நானும் கேட்கவில்லை.

முதல் பூச்சு மெல்லியதாக, காயவிட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. நமக்குக் கை வந்துவிட்டது. துரு தின்ற ரிம் கண்ணெதிரே பளபளத்தது. கடைசிச் சக்கரத்துக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது வாசல் கேட் கிறீச்சிட்டது. உன் அம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றார். கோயிலில் பூசை சீக்கிரம் முடிந்துவிட்டது போலும்.

அவர் கண் சக்கரத்துக்குச் சக்கரம் போனது. சுற்றிலும் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். கீழ்ப்பாதி முழுக்க வெள்ளி. குனிந்து ஒன்றைப் பார்த்தார். பெயர்கள் இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றார். மாதக்கணக்கில் உன்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எடுத்துட்டேம்மா."

"பொட்டியில மிச்சம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா."

அவர் உள்ளே போய்விட்டார். உன் கை தொங்கிப்போனது. "முடிஞ்சிருச்சு. டீச்சர் வீட்டுக்குப் போகவேணாம்" என்றாய். அரைகுறையாக விடக்கூடாது என்று நான்தான் டின்னை வாங்கி மீதியை அடித்தேன். சாயம் முழுக்கக் காய்வதற்குள் பத்திரிகைகளை உருவிவிடவேண்டும், இல்லையென்றால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். இருவரும் உருவி அடுக்கினோம். உள்ளே சந்தனக்கல் உரசும் சத்தம் கேட்டது. எனக்கு அது அப்போது சந்தனக்கல் என்றே புரியவில்லை.

உன் அம்மா தாம்பாளத்தோடு வந்தார். கிண்ணத்தில் சந்தனம், பக்கத்தில் குங்குமம், எலுமிச்சம்பழங்கள். என்ன செய்யப்போகிறார் என்று நமக்கு விளங்குவதற்குள் முதல் சக்கரத்தின் முன்னால் குனிந்துவிட்டார். மூன்று விரலையும் சந்தனத்தில் தோய்த்து, ஈரம் காயாத புது வெள்ளிமேல் பட்டையாக இழுத்தார். நடுவில் குங்குமத்தை அழுத்தினார். மூன்று பூச்சு அடித்து, ஊதி ஊதிக் காயவைத்த ரிம்மில் மூன்று விரல் அப்படியே பதிந்தது.

நான் "ஐயோ" என்று வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். நல்ல மிதி. நகம் கறுத்துப்போனது.

இரண்டாவது சக்கரம். மூன்றாவது. நான்காவது. அவர் வைத்துக்கொண்டே போனார், நாம் கெட்டுப்போகிற சாயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் நிமிர்ந்து, உன்னைப் பார்க்காமல் வேனைப் பார்த்துச் சொன்னார்.

"பொட்டு வைக்காத வண்டியில எம்மவ போகக்கூடாது."

நீ அங்கேயே முகமூடியைக் கழற்றிவிட்டு அழுதாய். வேலை போனபோது அழாதவள், கல்யாணம் நின்றபோது என் முன்னால் ஒரு சொட்டு விடாதவள், சின்னப்பிள்ளைபோல் மூக்கு ஒழுக அழுதாய். அவர் உன் தலையில் கைவைக்க வந்தவர், தம் விரல்களைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னாடி இது, கையெல்லாம் வெள்ளியா இருக்கு!"

"பெயிண்டு இன்னும் காயலம்மா."

"சொல்றதுக்கென்ன! வாயில என்னா கொழுக்கட்டையா? எல்லாம் நாசமாப் போச்சே!"

"இருக்கட்டும்மா. நல்லாத்தான் இருக்கு."

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீ துடைத்தாய். அவர் வைதுகொண்டே இருந்தார். துரு பிடித்த வண்டியை வாங்கினதற்கு ஒரு வசவு, அம்மாவிடம் சொல்லாமல் பெட்டியைத் தொட்டதற்கு ஒரு வசவு, மெலிந்துபோனதற்கு ஒன்று. மாதக்கணக்கில் சேர்ந்ததெல்லாம் ஒன்றாக வந்தது. நீ "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தாய். அவர் விரலில் சாயம் போய் வெகுநேரம் ஆகியும் துடைத்துக்கொண்டிருந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

மாலையில் டீச்சர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாய். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தருகில் நின்று குனிந்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. விரல் பள்ளங்களில் மஞ்சளும் நடுவில் சிவப்பும் ஊறி நின்றன. ஒன்றைத் தேய்த்துப் பார்த்தார். வரவில்லை.

"என்ன இது, சில்லுக்குப் பொட்டு? ஆர் வச்சது?"

"எங்க அம்மா, டீச்சர். பெயிண்டு காயறதுக்கு முன்னாடியே வச்சிட்டாங்க."

டீச்சர் அந்த விரல் அடையாளத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். தம் மகள்களைப் பார்த்தார். "அப்ப சரி. நாளைக்குக் காலமை வாங்கோ" என்றார். பிறகு கதவைத் திறந்து மூக்கைச் சுளித்து, "இந்தக் கோவா மணத்துக்கு மட்டும் ஏதும் செய்யுங்கோ" என்றார். முட்டைக்கோஸுக்கு அவர்கள் ஊரில் அப்படியும் ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வெள்ளி பூசிய பத்திரிகைகளை உன் அம்மா அந்த வாரமே ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்.

அந்த வேனில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் ஏறினார்கள்! தமிழ்ப்பிள்ளைகள், பிறகு சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள். எல்லாருக்கும் அது பொட்டு வேன்தான். ஆலை என்னையும் அனுப்பியபோது நீ என்னைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டாய், பிள்ளைகளை ஏற்றி இறக்க. டின் வாங்கி இன்னொரு பூச்சு அடித்து அந்த அடையாளங்களை மறைத்துவிடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். நீ என்னை ஒரு முறை முறைத்தாய்.

"பெயிண்டு அடிச்சது நாம. வண்டிய எடுன்னு சொன்னது அவுங்க" என்றாய்.

வரன்கள் பிறகும் வந்தன. உன் அம்மா பயந்ததுபோல் யாரும் வராமல் போகவில்லை. நீதான் வேண்டாம் என்றாய். அதையும் அவர் கேட்டுக்கொண்டார். கடைசிவரை உன் கையால்தான் சாப்பிட்டார். அவர் போன பிறகு நீ கொஞ்சம் வாடினாய். அப்புறம் உனக்கே நோய் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் நர்ஸுகளிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தாய், அந்தச் சந்தில் போனால் சீக்கிரம் போகலாம் என்று. அந்த நர்ஸுகளில் ஒருத்தி உன் வேனில் போனவள். நீ போன அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது அந்தச் சேதி. என் மகளைப் பற்றித்தான். நீ மடியில் போட்டுத் தூங்கவைத்தவள். நல்ல இடத்து வரன் ஒன்று வந்தது. வேண்டாம் என்றுவிட்டாள். அதோடு நியூசிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது, தனியாகப் போகிறேன் என்கிறாள். சாப்பாட்டு மேசையில் சர்வசாதாரணமாகச் சொன்னாள். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது: இப்படியே போனால் நாளைக்கு எவன் வந்து கேட்பான்? உன் அம்மா கொல்லைப்பக்கம் என்னைக் கூப்பிட்டுச் சொன்ன அதே வார்த்தை, அதே குரலில். எனக்குள் அது இருந்தது எனக்கே தெரியாது.

விழுங்கிவிட்டேன். "எப்ப கெளம்புற? அங்க குளிருமே, சட்டை வாங்கணும்ல" என்றேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இதைச் சொல்ல உனக்குத்தான் முதலில் போன் செய்திருப்பேன். உன்னை நினைத்து அன்று நான் அழுததுபோல் நீ போன அன்றுகூட அழவில்லை.

போன வாரம் கிளம்பிப் போனாள். வாசலில் நிறுத்தி நெற்றியில் திருநீறு வைத்தேன். கை நடுங்கி அவள் கண்ணில் கொட்டிவிட்டது. "என்னம்மா!" என்று சிரித்தாள். நான் ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டேன்.

அன்று உன் அம்மாவின் கையும் நடுங்கித்தான் இருக்கும். நாம் இரண்டு பேரும் சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.